டிப்ளமோ வழியை மூடிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நர்ஸ் படிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு வருடப் பட்டம் படிக்க வழியில்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்வது போல இருந்தது. டிப்ளமோவில் சேர்ந்து, வார்டில் வேலை பார்த்துக்கொண்டே பிறகு பட்டம் முடித்தவள் நான். மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

எந்தப் படிப்பு படித்தாலும், செவிலியர் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் ஒருவர் பதிவு பெற்ற செவிலியர். 1901-ல் நியூசிலாந்து இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பதிவேட்டை எட்டும் வழி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2013 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பட்டப்படிப்புதான். ஜெர்மனியிலோ உதவித்தொகை வாங்கிக்கொண்டே மூன்று வருடம் தொழிற்பயிற்சியாகப் படிக்கலாம். அமெரிக்காவில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் படித்தவரும் நான்கு வருடம் படித்தவரும் உட்கார்ந்து எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வைத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ் பற்றாக்குறை வந்தபோது, 1950-களில் மில்ட்ரெட் மோன்டாக் என்ற பேராசிரியர் முன்வைத்த யோசனை அந்த இரண்டு வருடப் படிப்பு. இன்றும் அது நடக்கிறது.

பட்டத்தால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வு 2014-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனையில் பட்டம் பெற்ற செவிலியர் பங்கு 10 சதவீதம் கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்திருந்தது. சரி, அப்படியென்றால் டிப்ளமோ முடித்தவர்கள் மேலே படிக்க பிரிட்ஜ் கோர்ஸ்களைக் கூட்டுங்கள், அதற்கு லீவு கொடுங்கள். வீட்டு நிலைமையால் மூன்று வருடத்துக்குள் சம்பாதித்தே ஆக வேண்டிய பிள்ளைக்கு வாசலைச் சாத்துவது என்ன நியாயம்?

கட்டுரையில் ஒரு வரிகூட இடம் பெறாத விஷயம் வார்டு பயிற்சி. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மொத்தம் 4600 மணி நேரப் படிப்பில் பாதியாவது நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும். அது ஏன் என்று எனக்குத் தெரியும். 500 மில்லி டிரிப்ஸ் எட்டு மணி நேரம் ஓட வேண்டும், டிரிப்ஸ் குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு 21 சொட்டு என்று பரீட்சையில் எல்லோரும் போட்டுவிடுவோம். முதல்முறை கட்டிலருகே நின்று, ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் சொட்டு விழும் அந்தச் சின்ன உருளையையும் பிடித்துக்கொண்டு சொட்டுகளை எண்ணியபோது, நோயாளி கையை மடக்கினார். சொட்டு நின்றுவிட்டது. என் பின்னால் நின்ற சிஸ்டர் ஒன்றும் பேசாமல் அவர் முழங்கையை மெதுவாக நீட்டிவிட்டார். மறுபடி எண்ணினேன். அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். நாங்கள் தள்ளி நின்று பார்த்த சிகிச்சை முறைகளைக்கூட, நாங்களே செய்ததாக எங்கள் பள்ளியில் ரெக்கார்டு நோட்டில் எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் பட்ட பயம் அதனால் வந்தது. அப்புறம், வேறொரு பள்ளியில் படித்த என் தோழிக்கு, அந்தப் பள்ளிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இல்லை என்பது மூன்றாம் வருடக் கடைசியில்தான் தெரிந்தது. கட்டிய பணமும் போய், பதிவும் இல்லாமல் அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை இவைதான்: பள்ளிக்கு இந்த வருடம் அங்கீகாரம் உண்டா? எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் பயிற்சி? முடித்தவர்களில் எத்தனை பேர் பதிவு பெற்றார்கள்? இங்கிருந்து பட்டத்துக்குப் போக வழி உண்டா? மாணவர் சேர்க்கை தொடங்கும் முன் இந்தக் கேள்விகளை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது உங்கள் இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (ஓய்வு பெற்ற செவிலியர்)