துரையப்பா விளையாட்டரங்கின் வரலாற்றை அதன் வாயிலில் எழுதிவைக்கக் கோரும் மனு

நாவாந்துறை,
யாழ்ப்பாணம்.

மாநகர ஆணையாளர் அவர்கள்,
யாழ்ப்பாண மாநகர சபை,
யாழ்ப்பாணம்.

ஐயா,

துரையப்பா விளையாட்டரங்கின் வரலாற்றுக் கல், பழைய உதைபந்தாட்டப் பதிவுகள், இனிவரும் புனரமைப்பு தொடர்பாக

நான் நாவாந்துறையில் பிறந்து வளர்ந்தவன். இளவயதில் இடதுபுறப் பின்வரிசையில் விளையாடினேன். முழங்கால் பழுதான பிறகு எல்லைக்கோட்டில் கொடியோடும், அதன்பின் கழுத்தில் ஊதலோடும் பல ஆண்டுகள் ஓடினேன். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி.

அண்மையில் ஒரு பின்னேரம் என் மகளின் மகனை அரங்குக்கு அழைத்துச் சென்றேன். வாயிலில் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தவன், "அம்மப்பா, துரையப்பா எந்தக் கழகத்துக்கு விளையாடினவர்? பந்துகாப்பாளரா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அது எவ்வளவு நீளமான கதை என்பது தெரிந்தது. கச்சான் சுருள் முடிந்தது, ஆட்டத்தின் முதற்பாதியும் முடிந்தது, கதை முடியவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மனுவை எழுதவைத்தது.

அல்பிரட் துரையப்பா 1960 முதல் 1965 வரை யாழ்ப்பாணத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்; பின்னர் இந்நகரின் முதல்வர், அதாவது மேயர். 1975 யூலை 27 ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி இந்த ஊரில் இரண்டு வீட்டில் மூன்று கருத்து இருக்கும். அதைப் பற்றி நான் பேச வரவில்லை. நகரபிதாவின் பெயரை விளையாட்டரங்குக்கு வைப்பதும் புதிதல்ல. கொழும்பில் சுகததாச விளையாட்டரங்கும் அந்நகரின் முன்னாள் முதல்வர் ஒருவரின் பெயரால்தான் வழங்குகிறது. பெயருக்கு உரியவர் யார் என்பதை அந்தப் பெயரின் கீழேயே நாலு வரியில் சொல்லிவைக்க வேண்டும் என்பதுதான் என் முதற் கோரிக்கை.

நாலு வரி என்றேன், ஆனால் அதில் ஒரு வரி கடினமானது. 1999 ஏப்ரலில் இந்த அரங்கைத் திருத்துவதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. இருபதுக்கும் மேற்பட்டவர்களுடையவை. பந்து உருண்ட புல்லுக்குக் கீழே எத்தனை காலம் கிடந்தார்களோ, அவர்களுக்கு மேலே எத்தனை முறை நான் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேனோ என்று நினைத்து அந்த மாதம் முழுவதும் நான் மைதானப் பக்கம் போகவில்லை. விளையாடும் பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் இதையும் எழுத வேண்டுமா என்று தங்களிடம் சிலர் கேட்கக்கூடும். எழுத வேண்டும் என்றே நான் சொல்வேன். யாரையும் குற்றம் சாட்டும் சொல் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். மாதமும் ஆண்டும், இங்கே மனிதர்களின் உடலெச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன என்ற செய்தியும் போதும். வேறு ஊர்க்காரர் வந்து வாசித்தால் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்; எங்கள் ஊர்க்காரர் எப்படியும் நிற்பார்.

அதற்குப் பிந்திய வரலாறு எல்லோருக்கும் தெரிந்தது. இந்திய அரசின் நிதியுதவியில் புனரமைக்கப்பட்டு, 1,850 பேர் அமர்ந்து பார்க்கும் வசதியோடு, 2016 யூன் 18 இல் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இங்கே மேடையில் இருக்க, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி புதுடில்லியிலிருந்து காணொளி மூலம் இணைந்தார். பொதுவாகத் திறப்பு விழாக் கற்களில் யார் திறந்தார் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். திறப்பதற்கு முன் அங்கே யார் விளையாடினார்கள் என்பது எந்த எழுத்திலும் இருக்காது. நான் கேட்பது அந்த இரண்டாவது வகைக் கல்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அது அமைய வேண்டும். பெயர் சூட்டிய தீர்மானத்தைச் சபையின் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து, அதன் திகதியையும் பொறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

யார் விளையாடினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பாசையூர், குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று கடற்கரை ஊர்களின் கழகங்கள்தான் யாழ்ப்பாண உதைபந்தாட்டத்தின் முதுகெலும்பு. எங்கள் பக்கத்துப் பையன்கள் இரவு தொழிலுக்குப் போய், விடியக் கரைக்கு வந்து, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு, பின்னேரம் மைதானத்தில் நிற்பார்கள். உப்புநீரில் ஊறி வெடித்த பாதங்கள். சப்பாத்து வாங்கிக் கொடுத்தாலும், முதல் கால்மணி நேரத்திலேயே அதைக் கழற்றி எல்லைக்கோட்டுக்கு வெளியே என் காலடியில் எறிந்தவர்கள் உண்டு. கிரிக்கெட்டைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் பற்றி ஓட்ட எண்ணிக்கை முதற்கொண்டு ஒப்புவிக்கப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சமர் நடக்கும் மத்திய கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இந்த அரங்கும் இருக்கிறது. இங்கே விளையாடியவர்களின் கணக்கு பெரும்பாலும் அவரவர் வீட்டுச் சுவரில் தொங்கும் குழுப்படங்களோடு நின்றுவிட்டது. அந்தப் படங்களும் கடற்காற்றில் மங்கிக்கொண்டு வருகின்றன.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நான் கொடி பிடித்த, ஊதல் ஊதிய ஆட்டங்களின் திகதி, கழகங்கள், கோல்கள், அட்டை வாங்கியவர்களின் சட்டை எண்கள் எல்லாம் அதில் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கியதால் ஊரே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலம் பக்கம் நகர்ந்தபோது, பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் வைத்த பொலித்தீன் பைக்குள் இந்தக் கொப்பியையும் திணித்தேன். "உதுக்குள்ள ஒரு சேலை வச்சிருக்கலாம்" என்று என் மனைவி அன்று சொன்னதை இன்றும் சொல்கிறார். மழையில் அட்டை கரைந்துபோனது, உள்தாள்களில் நீலமை சில இடங்களில் பரவியிருக்கிறது, வாசிக்கலாம். இதுபோன்ற கொப்பிகளும் படங்களும் பதக்கங்களும் வேறு வீடுகளிலும் இருக்கும்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் அரங்குக்கு அருகில்தான் இருக்கிறது. அதை நடத்துவதும் தங்கள் சபைதான். அங்கே ஓர் அலுமாரி, அதன் மேல் உதைபந்தாட்டம் என்று ஒரு பலகை, அவ்வளவு போதும். பொதுமக்களுக்கு ஓர் அறிவித்தல் கொடுத்தால் பொருள்கள் தாமாக வந்து சேரும். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: வருபவற்றை முதலில் மின்பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறொரு கட்டடத்திலும் வைக்க வேண்டும். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயில் இழந்த நகரம் நாங்கள். ஒரே படியை ஒரே கூரையின் கீழ் வைப்பது என்னவாகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, அடுத்த புனரமைப்பு. எந்த அரங்கையும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது திருத்தித்தான் ஆகவேண்டும். அப்போது வரைபடம் போடுவதற்கு முன்பே விளையாடுபவர்களையும் நடுவர்களையும் அழைத்துப் பேசுங்கள் என்று கேட்கிறேன். பிரேசிலின் மரக்கானா அரங்கைப் பாருங்கள். உலகத்துக்கே தெரிந்த அந்த இடத்தின் உத்தியோகபூர்வப் பெயர், அதைக் கட்டுவதற்காக வாதாடிய மாரியோ பில்யோ என்ற பத்திரிகையாளரின் பெயர். மக்கள் வாயில் அது நிற்கவில்லை. 1950 உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தில் உருகுவே 2-1 என்று பிரேசிலை வென்றதைப் பார்க்க, நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர். மைதான மட்டத்தில் நின்றுகொண்டே பார்க்கும் ஒரு பகுதி அங்கே இருந்தது. காசில்லாதவனின் இடம் அதுதான். 2005 இல் திருத்த வேலையின்போது அதை மூடினார்கள். இன்று எல்லோரும் கதிரையில் இருந்து பார்க்கிறார்கள். கொள்ளளவு 80,000 க்கும் குறைவு. பாதுகாப்புக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நின்றுபார்த்த கூட்டம் எங்கே போனது என்று கேட்டால் விடை இல்லை.

எங்கள் அரங்கில் அந்தக் கூட்டம் வேலியோரத்துக் கூட்டம். எல்லைக்கோட்டு நடுவரின் காதுக்கு எட்டும்படி அவருடைய பாட்டனைக்கூட விசாரிக்கும் கூட்டம். பல ஆண்டுகள் அதைக் கேட்டவன் நான். இருந்தும் அவர்கள் நிற்க இடம் வேண்டும் என்றே கேட்கிறேன். எந்தத் திட்டம் வந்தாலும் கட்டணம் குறைந்த, நிழல் மரம் உள்ள, நின்று பார்க்கும் ஓரம் ஒன்றை அதில் ஒதுக்குங்கள்.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரங்கு பண்ணைக் கடலேரியை அண்டியிருக்கிறது. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அதிகமாக இறைத்தால் உவர் மேலேறும், புல் கருகும். மாரியில் வானம் தருவதைத்தான் பிடித்துவைக்க வேண்டும். ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் அளவு மழை என்று வைத்தால், 100 சதுர மீற்றர் கூரையில் சேதாரம் போக ஏறத்தாழ ஓர் இலட்சம் லீற்றர் சேரும். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமுமான தரைக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் காட்ட 36,000 லீற்றர் வேண்டும். அதாவது 100 சதுர மீற்றர் கூரையின் முழு ஆண்டு மழையும் மூன்று முறை பாய்ச்சக்கூடக் காணாது. ஆகவே கூரைப் பரப்பையும் தொட்டியின் அளவையும் தொடக்கத்திலேயே கணக்குப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். கட்டி முடித்தபின் தொட்டிக்கு இடம் தேடக்கூடாது.

கொப்பியை நானே கொண்டுவந்து ஒப்படைக்க விரும்புகிறேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. வேலைநாள் ஒன்றையும், அதைப் பொறுப்பேற்கும் அலுவலரின் அறையையும் குறிப்பிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன். முற்பகலாக இருந்தால் நல்லது. பின்னேரம் ஆட்டம் இருக்கும்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற உதைபந்தாட்ட நடுவர்,
நாவாந்துறை.