எல்லாமே பாதுகாப்புதானா?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சேகர்,

பேத்தி காதுகுத்துக்கு வராததற்கு நீ திட்டியது வந்து சேர்ந்தது. மாலதி வாயால் அனுப்பினாயா, இரண்டு மடங்காகவே வந்தது. முட்டிவலி அப்படியே இருக்கிறது. மொய் பாக்கி, நேரில் தருகிறேன்.

ரிட்டயர் ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று பந்தயம் கட்டினாயே, தோற்றுவிட்டாய். மொட்டை மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ முடித்த பையன்கள். துபாய், மஸ்கட் என்று கனவு. தொழில் தெரிகிறது, இங்கிலீஷ்தான் இடிக்கிறது. 'சேஃப்டிக்கும் செக்யூரிட்டிக்கும் என்னப்பா வித்தியாசம்?' என்று கேட்டால் 'ரெண்டும் பாதுகாப்புதான் சார்' என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ராணுவத்துக்குப் பாதுகாப்புத் துறை, ஹெல்மெட்டுக்குப் பாதுகாப்புக் கருவி, கேட்டில் தூங்குகிறவர் பாதுகாவலர். ஒரே சொல்லை எல்லார் தலையிலும் கட்டிவிட்டோம். அடைக்கலம், புகல், அரண், காவல் என்று வகைவகையாக வைத்திருந்த ஆட்கள் நாம்!

நான் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன். ஆபத்துக்குக் கெட்ட எண்ணம் உண்டா என்று பார். ஏர்போர்ட்டில் பையைத் துழாவுவது செக்யூரிட்டி, விமானத்துக்குள் பெல்ட் போடச் சொல்வது சேஃப்டி. 2011 டிசம்பர் 30 அன்று நம்மைப் புரட்டிப் போட்ட தானே புயலுக்கு நம்மேல் பகை ஒன்றும் கிடையாது. (தானே வந்தது, தானே போனது என்று நீ அப்போதும் கடித்தாய்.) செக்யூர் என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'கவலையில்லாத' என்று பொருள். வாசலில் செக்யூரிட்டி வைத்தவர்கள்தான் ராத்திரியெல்லாம் கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அது வேறு கதை.

அடுத்தது ப்ரிவென்ட், ப்ரொடெக்ட். இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. செங்கல் விழாமல் பார்த்துக்கொள்வது ப்ரிவென்ட். விழுந்தால் மண்டை உடையாமல் காப்பது ப்ரொடெக்ட். ப்ரொடெக்ட்டின் லத்தீன் மூலத்துக்கு 'முன்னால் மூடுவது' என்றுதான் அர்த்தம், மூடி மட்டும்தான். இந்தப் பையன்கள் படித்த பாடத்திலேயே வரிசை இருக்கிறது: முதலில் ஆபத்தையே அகற்று, முடியாவிட்டால் மாற்று, பிறகு தடுப்பு வை, பிறகு வேலை முறையைத் திருத்து. ஹெல்மெட்டும் கையுறையும் கடைசி. ஆனால் சேஃப்டி என்றதும் எல்லாப் பயலும் ஹெல்மெட் என்றே ஆரம்பிக்கிறான். சில முதலாளிகளுக்கும் அதுதான் வசதி. மெஷினைச் சரிசெய்வதைவிட ஹெல்மெட் மலிவு.

காவலைக் குறிக்கும் கார்டும் (guard) வார்டும் (ward) ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஒன்று பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது, மற்றது இங்கிலீஷிலேயே கிடந்தது. கேரண்டியும் வாரண்டியும்கூட ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். வார்டு கவுன்சிலரை இனி யாரும் சும்மா நினைக்க முடியாது! உன் ஊர்க் கடற்கரையில் பிரெஞ்சு பேசும் கிழவரிடம் சொல், சந்தோஷப்படுவார். வேலியைக் குறிக்கும் ஃபென்ஸ்கூட டிஃபென்ஸ் தலையிழந்து வந்ததுதான்.

ப்ரொடெக்‌ஷன் என்றால் எப்போதும் நல்லதா என்று ஒருவன் கேட்டான். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சொன்னேன். 1690இல் மராத்தியரிடம் வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் தங்களுக்கு என்று வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். அவைதான் குண்டு கிராமங்கள். அந்த ஊர்க்காரர்களை யார் கேட்டார்கள்? கடைசியில் அந்தக் கோட்டைக்கே காவல் இல்லை, 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விடு. வாக்கியம் எழுதச் சொன்னபோது தாழங்குடாப் பையன் ஒருவன், அம்மா தன்னை அப்பாவிடமிருந்து 'கார்ட்' செய்கிறாள் என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். கார்ட் என்றால் பக்கத்தில் நின்று கண்காணிப்பது. எதிர்த்துச் சண்டை போட்டால் டிஃபெண்ட். நடுவில் புகுந்து அடியைத் தான் வாங்கிக்கொண்டால் ஷீல்ட் என்று பொதுவாகச் சொன்னேன். 'அப்ப ஷீல்ட்தான் சார்' என்று அடித்துத் திருத்திக்கொண்டான். சிரிப்பு நின்றுபோயிற்று. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தனியாக ஒரு வீடு பார்க்கப் போவதாகவும், அதற்கு ஷெல்டர் என்று சொல்லலாமா என்றும் கேட்டான். சொல்லலாம் என்றேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

இவனுக்கு அடுத்த மாதம் சென்னையில் இன்டர்வியூ. நீ மில்லில் ஆட்களை மிரட்டிய குரல் இன்னும் இருக்கிறதுதானே? ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வா. நாற்காலி போட்டுத் தருகிறேன், மேனேஜர் மாதிரி உட்கார்ந்து எல்லாரையும் கேள்வி கேள். நான் எதிரில் இருந்தால் இவர்கள் பயப்படுவதே இல்லை. மெஷினில் கை சிக்காமல் மறைக்கும் கார்டு (guard) பற்றி உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக் கொடு. மொய்யையும் அப்போதே வாங்கிக்கொள்.

மாலதியிடம் சொல்லி அனுப்பாதே, நீயே போன் பண்ணு.

உன்,
ராமு