அதிகாரியின் நாவல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் நடக்கும் கதைகளைக் கோத்து ஜமீல் அகமது எழுதிய 'தி வாண்டரிங் ஃபால்கன்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். பாராட்டியவர்களை விட்டுவிடுகிறேன், குறை சொன்னவர்களோடுதான் எனக்குப் பேச்சு. ஒருவர், இது நாவலே இல்லை, கதாநாயகனைக் காணோம் என்கிறார். இன்னொருவர், ஒரு மனிதனைக் கல்லால் அடித்துக் கொல்வதைக்கூட வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார், நெஞ்சில் ஈரமே இல்லை என்கிறார். மூன்றாமவருக்கு, தாலிபான்கள் எப்படி முளைத்தார்கள் என்று இந்த நூல் சொல்லவில்லையே என்று ஏமாற்றம்.

மூன்றாமவருக்குப் பதில் சுருக்கமானது. இந்தக் கதைகள் எழுதப்பட்டது 1970களின் தொடக்கத்தில். தாலிபான் இயக்கம் உருவானது 1994-ல். நூல் வெளிவந்த 2011-ல்தான் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்டார். அந்தப் பரபரப்பில் உலகமே இதை, ஆப்கான் எல்லையை ஒட்டிய பழங்குடிப் பகுதியான வசீரிஸ்தானுக்கான கையேடாகப் படித்தது. அது ஆசிரியர் செய்த குற்றம் அல்லவே.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கடிதத்தில் 'இளம் எழுத்தாளரின் முதல் முயற்சி' என்று இருந்தது. முதல் முயற்சி என்பது சரி. ஆனால் ஜலந்தரில் 1931-ல் பிறந்தவர் அவர். நூல் அச்சாகி வந்தபோது வயது எண்பதை ஒட்டி இருந்தது. 1954-ல் பாகிஸ்தான் குடிமைப் பணியில் சேர்ந்து, பலூசிஸ்தானிலும் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலும் (இன்றைய கைபர் பக்தூன்குவா) காலம் தள்ளியவர். சாகாய், கைபர், மாலகண்ட் எனப் பல இடங்களில் பொலிடிகல் ஏஜென்ட்டாக, அதாவது பழங்குடிப் பகுதியை ஆளும் அரசு அதிகாரியாக இருந்தார். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை வந்த 1979 வாக்கில் காபூல் தூதரகத்தில் பணியில் இருந்தார். முதலில் கவிதைதான் எழுதிக் காட்டினாராம். மனைவி ஹெல்கா, ஜெர்மானியப் பெண்மணி, முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த பழங்குடி மக்களைப் பற்றி எழுதுங்களேன் என்றாராம். எழுதியதைத் தட்டச்சு செய்ததும் பத்திரப்படுத்தியதும் அவர்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டிலேயே கிடந்த அந்தக் கட்டு, 2008-ல் சிறுகதைப் போட்டி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்ட தம்பி சொல்லித்தான் வெளியே வந்தது. இந்தியாவின் பெங்குயின் நிறுவனம் அதை வெளியிட்டது. 2011-க்கான மேன் ஆசிய இலக்கியப் பரிசின் குறும்பட்டியல் வரைக்கும் போனது.

இப்போது அந்த 'ஈரமின்மை'க்கு வருகிறேன். வருவாய்த்துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். கோப்பில் எழுதும் மொழி எனக்குப் பழக்கம். 'கூட்டம் கலைக்கப்பட்டது' என்று எழுதுவோம். கலைத்தது யார், எதைக்கொண்டு கலைத்தார்கள், யாருக்கு மண்டை உடைந்தது என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அமுங்கிப்போகும். ஜமீல் அகமது எழுதுவதும் அதே வறண்ட மொழிதான். ஆனால் மறைப்பதற்காகப் பிறந்த அந்த மொழியைக் கொண்டு அவர் காட்டுகிறார். இந்த வித்தையைத்தான் உங்கள் வாசகர் குறையாக எடுத்துக்கொண்டார்.

முதல் கதையையே பாருங்கள். ஈரானும் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கிற பாழ்வெளியில் ஒரு ராணுவக் காவல் நிலை. ஓடிவந்த ஓர் ஆணும் பெண்ணும் அங்கே வந்து நிற்கிறார்கள். அவள் குலத் தலைவரின் மகள், வேறொருவனுக்கு மனைவி. அடைக்கலம் கேட்கிறார்கள். அந்தக் காவல் நிலையின் சுபேதார் ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை: உங்கள் குலத்துச் சட்டம் எனக்குத் தெரியும், அதற்குக் குறுக்கே நானோ என் ஆட்களோ வரமாட்டோம், தங்குவதற்கு மட்டும் இடம் தருகிறேன். சோறு போடுகிறார்கள், குடிசை கொடுக்கிறார்கள், குழந்தையும் பிறக்கிறது. சில ஆண்டுகள் கழித்துத் தேடி வருகிறவர்கள் வந்தே விடுகிறார்கள். தப்பி ஓடும் வழியில் அவன் தன் கையாலேயே அவளைச் சுட்டுவிட்டுத் தன்னைக் கல்லடிக்கு ஒப்புக்கொடுக்கிறான். கொன்றவர்கள் இரண்டு உடல்களுக்கும் இரண்டு கற்கோபுரங்கள் எழுப்பிவிட்டுப் போகிறார்கள். பையன் தனியே மிஞ்சுகிறான். சுபேதார் கெட்டவர் இல்லை. சட்டம் எதுவரை, தன் அதிகாரம் எதுவரை என்று சரியாகத் தெரிந்துவைத்திருக்கிற நல்ல உத்தியோகஸ்தர். அவரைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கும் உங்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆசிரியர் அந்த நிம்மதியைத் தரவில்லை.

கதையை விட்டுவிட்டு ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று பழங்குடிப் பகுதிகளுக்காக வெள்ளைக்காரன் 1901-ல் போட்டது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலத்தையே பிடித்து அடைக்க முடிந்தது. வழக்கமான நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இருக்கவில்லை. கலெக்டர், மாஜிஸ்திரேட், போலீஸ் எல்லாம் சேர்ந்த ஒரே ஆளாகப் பொலிடிகல் ஏஜென்ட் இருந்தார். பெண்களையும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் முதியவர்களையும் இந்தக் கூட்டுப்பொறுப்பின் பேரில் கைது செய்யக்கூடாது என்று திருத்தம் வந்தது 2011 ஆகஸ்டில், அதாவது இந்த நாவல் வெளிவந்த அதே ஆண்டில். பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்குவா மாகாணத்தோடு சேர்ந்தது 2018-ல். ஜமீல் அகமது அந்தப் பொலிடிகல் ஏஜென்ட் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர். எழுதியது எதிர்க்கட்சிக்காரர் அல்ல, அரசாங்கமே எழுதியது என்று வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், தொனி மாறிவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் அவர் கட்டு உடைகிறது. இரண்டாவது கதையில், பார்வை மங்கிய கிழவர் ரோஸா கானும் அவருடைய பலூச் ஆட்களும் பேச்சுவார்த்தை என்று நம்பி மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். வந்தவர்களை விசாரணையில் நிறுத்தி மரண தண்டனை விதிக்கிறார்கள். இது வெறும் கற்பனை இல்லை. நவுரோஸ் கான் என்ற முதிய தலைவர் இப்படித்தான் 1959-ல் இறங்கி வந்தார். குர்ஆன் மேல் சத்தியம் செய்து கூப்பிட்டார்கள் என்று பலூச்சிகள் இன்றும் சொல்கிறார்கள். அவருடைய மகனையும் உறவினர்களையும் 1960 ஜூலையில் தூக்கிலிட்டார்கள். கிழவர் சிறையிலேயே இறந்தார். நாவலில் அந்தச் சாவுக்குப் பிறகு ஆசிரியர் எழுதுகிறார்: எந்த அரசியல்வாதியும் சிறைக்குத் துணியவில்லை, எந்த அதிகாரியும் வேலை போகட்டும் என்று துணியவில்லை, எந்தப் பத்திரிகை ஆசிரியரும் தண்டனைக்குத் துணியவில்லை. தூரத்து நாடுகளின் அநியாயத்தைப் பற்றி எழுதி மனச்சாட்சிக்கு மருந்து போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு குத்தும் உண்டு. அரசியல்வாதியையும் பத்திரிகையையும் யாரும் திட்டலாம். (மன்னிக்க வேண்டும், ஆசிரியரே.) அவர்களோடு நிற்கிற அந்த 'அதிகாரி' யார்? எழுதியவர் தன்னையும் சேர்த்துத்தான் நிறுத்திக்கொள்கிறார். ஈரம் வேண்டுமென்று கேட்ட நண்பர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒட்டகங்கள் சாகிற கதையை உங்கள் வாசகர்கள் பலரும் குறிப்பிட்டிருந்தார்கள். குல் ஜானா என்ற நாடோடிப் பெண் குர்ஆனைத் தலைமேல் வைத்துக்கொண்டு எல்லையை நோக்கி நடக்கிற காட்சியைப் படித்துவிட்டு யாராலும் சும்மா இருக்க முடியாதுதான். எனக்கோ அதற்கு முந்தைய உரையாடல் இன்னும் மோசமாகப்பட்டது. குளிருக்குச் சமவெளிக்கும் கோடைக்கு மலைக்கும் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிற பவிந்தாக்களிடம் அதிகாரிகள் காகிதம் கேட்கிறார்கள். பிறப்புச் சான்று கிடையாது, அடையாளச் சீட்டு கிடையாது, எந்த நாட்டான் என்று சொல்லவும் தெரியாது. கேட்கிறவர் குரலை உயர்த்துவதே இல்லை. 1961-ல் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் உறவை முறித்து எல்லையை அடைத்தபோது நாடோடிகளுக்கு நேர்ந்தது இதுதான். அன்றைக்கு அந்தப் பகுதியில் பணியாற்றியவர்களில் ஜமீல் அகமதுவும் ஒருவர்.

கதாநாயகன் இல்லை என்ற புகாருக்கு நான் வாதாடப்போவதில்லை. முதல் கதையில் தனியே மிஞ்சிய பையன் டோர் பாஸ், பிறகு சில கதைகளில் ஒரு மூலையில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறான், உண்மைதான். அடைக்கலம் கிடைக்காத வீட்டுப் பிள்ளை எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லாமல், உளவு சொல்லியும் வழி காட்டியும் பிழைக்கிறான். அவனை நடுவில் நிறுத்தி வீரம் பேச வைத்திருந்தால் படமாக எடுத்திருப்பார்கள்.

உங்கள் வாசகி ஒருவர் எழுதியதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கடைசிக் கதைகளில் ஷா ஸரீனா கட்டிக்கொண்டவன் கரடி வைத்துப் பிழைக்கிறவன். கரடிக்கு அறை, அவளுக்கு வெளியே தரை. ஓடிப்போனால் பெண்களை விற்கிற சந்தையில் போய் நிற்கிறாள். டோர் பாஸ் அவளை விலைக்கு வாங்குகிறான், அலைந்தது போதுமோ என்று யோசிக்கிறான், நாவல் முடிகிறது. அவள் என்ன யோசித்தாள் என்று ஆசிரியர் கேட்கவே இல்லை என்கிறார் அந்த வாசகி. சரியான கேள்வி. ரோஸா கானுக்காக உடைந்த அந்தக் கட்டு இவளுக்காக உடையவில்லை. இன்னொரு நாவல் எழுதியிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது, மனிதர் 2014-ல் காலமாகிவிட்டார்.

ஒரு வேண்டுகோள். ரோஸா கான் கதையை உரிய அனுமதி வாங்கி, நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் இதழில் முழுதாக வெளியிடுங்கள். பக்கம் போதவில்லையென்றால் அந்த மாதம் வாசகர் கடிதங்களை நிறுத்திவையுங்கள். எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
தென்காசி