பெரும்போக விதைப்புக்கு முன் எங்கள் வயல் மண்ணைப் பரிசோதித்துத் தருமாறு கோரும் மனு

பெறுநர்:
மாகாண விவசாயப் பணிப்பாளர் அவர்கள்,
விவசாயத் திணைக்களம், கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

ஊடாக: விவசாயப் போதனாசிரியர், மூதூர்.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

மூதூர், தோப்பூர், கிளிவெட்டிப் பகுதிகளில் நெல் செய்யும் நாங்கள், வரும் பெரும்போகத்துக்கு அடிக்கட்டுப் பசளை இடுவதற்கு முன் எங்கள் வயல் மண்ணை முறையாகப் பரிசோதித்து, முடிவை எங்கள் கையில் கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பகுதி மண் ஒரே மண் அல்ல. கொட்டியாரக் குடாவை அண்டிய வயல்களில், கச்சான் வீசத் தொடங்கினால் வரம்போரம் வெள்ளையாக உப்புப் பூக்கும். வெருகல் ஆற்றுப் பக்கம் வண்டல். மேட்டில் செங்கபில மண், பள்ளத்தில் களி. இத்தனைக்கும் நாங்கள் போடும் பசளைக் கணக்கு மட்டும் ஒன்றுதான்: ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா, இத்தனை கிலோ ரிஎஸ்பி (பொசுபரசுப் பசளை), இத்தனை கிலோ எம்ஓபி (பொற்றாசியப் பசளை). பொதுச் சிபாரிசு தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. மண்ணின் கணக்கு தெரியாதவர்களுக்கு அதுவே துணை. அந்தக் கணக்கைத்தான் தெரிந்துகொள்ளக் கேட்கிறோம்.

விதைத்து மூன்று கிழமையில் சில வயல்களில் பயிர் திட்டுத் திட்டாகக் குறளும். இலையில் கபிலப் புள்ளி விழும், அடி நரம்பு வெளிறும். பசளை போதவில்லை என்று இன்னும் யூரியா வீசுவோம்; பச்சை திரும்பாது. அது நாகக் (சிங்க் சத்துக்) குறைபாடாக இருக்கலாம், உவராகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வரம்பில் நின்று பார்ப்பவருக்குப் பிரித்தறிவது கடினம். டிடிபிஏ என்ற இரசாயனக் கரைசலால் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து அளந்தால் நாகம் எவ்வளவு என்று தெரியும். கிலோ மண்ணுக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மின்கடத்துதிறனை அளந்தால் உப்பு தெரியும். முன்னதற்கு நாக சல்பேற்று வேண்டும். பின்னதற்கு நல்ல தண்ணீரைக் கட்டி வடிக்க வேண்டும், உவர் தாங்கும் இனத்தை விதைக்க வேண்டும். ஒன்றுக்குரியதை மற்றதற்குச் செய்தால் காசும் போகும், போகமும் போகும்.

பொசுபரசின் விடயம் வேறு. யூரியாவிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி ஒரு போகத்துக்குள் பயிருக்கோ காற்றுக்கோ தண்ணீருக்கோ போய்விடும். ரிஎஸ்பியின் பொசுபரசு மண்ணைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியும் விலை இறங்கவில்லை. எங்களில் பலர் ரிஎஸ்பியையே விட்டுவிட்டார்கள், சிலர் கடன்பட்டும் போட்டார்கள். ஆகவே ஒரே வரம்புக்கு இருபுறமும் உள்ள வயல்களில்கூட இன்று ஒரே அளவு பொசுபரசு இருக்க நியாயமில்லை. கூடிக்கிடக்கும் வயலில் மேலும் போட்டால் செலவு வீண் என்பதோடு, பயிருக்கு நாகம் கிடைப்பதையும் அது குறைக்கும். பொற்றாசியத்திலும் இதே நிலைதான். பயிர் எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில் நிற்கிறது. வைக்கோலைக் கட்டி விற்பவர் வயலும் மண்ணிலேயே விடுபவர் வயலும் ஒன்றாகாது.

முன்பு எங்களில் சிலர் ஓர் ஆய்வகத்துக்கு மண் கொடுத்தார்கள். முடிவு வந்தபோது பயிர் கதிர் வெளிவருவதற்குச் சற்று முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. தாளில் எண்கள் இருந்தன; எந்த முறையில் அளந்தது என்று ஒரு சொல் இல்லை. முறை தெரியாத எண் எங்களுக்கு உதவாது. மண் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு என்று கலக்கி அளக்கும்போது மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.5 டெசிசீமன்ஸ் காட்டினால் அது சிறியதாகத் தெரியும். அதே மண்ணைத் தண்ணீர் நிரம்பும் அளவுக்கு மட்டும் குழைத்து நிரம்பல் பசையாக்கிப் பிழிந்தெடுத்த நீரில் அளந்தால் களியில் ஏறத்தாழ 3, மணற்பாங்கான மண்ணில் 7 வரை வரும். நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லையே நிரம்பல் பசை அளவில் 3 தான். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 12 வீதம் விழும். பொசுபரசுக்கும் இது பொருந்தும்: நடுநிலையான, காரத்தன்மையான மண்ணுக்கு ஒல்சன் முறை, அமில மண்ணுக்கு பிரே முறை. எனவே முடிவுத்தாளில் அளந்த முறை, மண்ணின் இழையமைப்பு, பீஎச் (அமில, காரத்தன்மை அளவு), சேதனக் காபன், ஏக்கருக்கு இட வேண்டிய பசளை கிலோவில் ஆகியவை தமிழில் இருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் தவறினால் எவ்வளவு நல்ல ஆய்வகமும் ஒன்றும் செய்ய முடியாது. இதை எங்கள் இளைஞர்களுக்கு வயலில் இறங்கிக் காட்டித்தர வேண்டும். வரம்போரம், எருக்குவியல் இருந்த இடம், சூடடித்த களம், வாய்க்கால் வாய் ஆகியவற்றை விட்டு, வயல் முழுக்க வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில் ஆப்பு வடிவில் வெட்டி, 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை பக்கச்சுவரை ஒரே தடிப்பில் சீவ வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். நாகம் பூசிய தகர வாளியில் கலந்தால் நாகப் பரிசோதனை பொய்த்துவிடும். பிளாஸ்ரிக் வாளிதான் வேண்டும். பசளைச் சாக்கில் பரப்பிக் காயவைப்பதும் கூடாது. எங்கள் வீடுகளில் முதலில் கைக்கு வருவது இந்த வாளியும் இந்தச் சாக்கும்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சிறுபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் ஆவணி, புரட்டாதியில் மாதிரி எடுத்தால், ஐப்பசி விதைப்புக்கு முன் முடிவு வரலாம். ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு வாகன ஒழுங்கும், கமநல சேவைகள் நிலையங்களுக்கு ஒரு மின்கடத்துதிறன்மானியும் ஒரு பீஎச் மானியும், அவற்றைச் சரிபார்க்கும் நியமக் கரைசல்களும் தந்துதவுங்கள். எல்லா வயலுக்கும் இந்த ஆண்டே முடியாது என்றால் குடாவோர வயல்களை முதலில் எடுங்கள். அங்கு உப்புச் சோதனை மட்டும் செய்தாலும், எந்த வயலை விதைப்பது, எதைத் தரிசாக விடுவது என்று காலத்தோடு முடிவெடுக்கலாம்.

வெட்டுவது, சுமப்பது, காயவைப்பது எங்கள் வேலை. கட்டணத்தில் எங்கள் பங்கையும் தருவோம். மாதிரி எடுக்கும் திகதியை ஆடி மாதம் முடிவதற்குள் கமநல சேவைகள் நிலையத்தினூடாக அறிவித்தால், வயல் வாரியான பட்டியலும் ஆட்களும் ஆயத்தமாக இருப்பார்கள்.

இங்ஙனம்,
மூதூர், தோப்பூர், கிளிவெட்டிப் பகுதி நெற்செய்கையாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: மாவட்டச் செயலாளர், திருகோணமலை.