சொந்தப் பாட்டுக்கும் காசு கொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு ஐயா எழுதியிருந்த கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் நம் பிள்ளைகள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேல்நாட்டு இசைக்குப் பின்னால் ஓடுகிறார்கள், நம்முடைய கலைகளைக் கவனிக்க ஆளில்லை என்று மனம் வருந்தி எழுதியிருந்தார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகளில் நான்கு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் நிகழ்ச்சி வைக்கும் நாட்களில் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதும், முடிந்த பிறகு காசை எண்ணிக் கணக்கு எழுதுவதும் நான்தான், பகலில் என் வேலையும் கணக்கு எழுதுவதுதான் என்பதால். அவர்கள் பெயரையோ குழுவின் பெயரையோ இங்கே சொல்லவில்லை. சொன்னால் நமக்கு வேண்டிய ஆட்களுக்காகச் சிபாரிசு செய்வது போலாகிவிடும், என் பிரச்சினை அதைவிடப் பெரியது.

அவர்கள் வாசிப்பது புளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. வெறும் புளூஸ் என்றும் சொல்ல முடியாது, மலையகப் பாட்டும் தப்பு என்கிற தோல் வாத்தியமும் கலந்தது. பாடுகிற தங்கச்சி பொகவந்தலாவைப் பக்கம், அம்மா கொழுந்து பறித்தவர், இவர் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். கிட்டார் வாசிக்கிற தம்பி வெள்ளவத்தை, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கிட்டார் பழக்கி வருகிற காசில்தான் வீட்டு வாடகை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வந்தவர். நான்காவது ஆள் தப்பும் கஹோன் என்கிற மரப்பெட்டி வாத்தியமும் வாசிப்பவர், அவருடைய தாத்தா தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்படித்தவர்.

இது அந்நிய இசை என்கிறார் ஐயா. சரி, புளூஸ் எங்கே பிறந்தது? மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்தித் தோட்டங்களில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டிலிருந்து. அடிமை முறை ஒழிந்த பிறகும் தோட்டத்துக் கடையில் வாங்கிய கடன் அவர்களை விடவில்லை, அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இராது. இங்கே நம் மக்கள் கங்காணியிடம் பட்ட கடனும் அப்படித்தான், தோட்டம் மாறினால் ‘துண்டு’ என்கிற கடன் சீட்டும் கூடவே மாறியது. இரண்டும் ஒன்றே என்று சொல்ல நான் வரவில்லை, அங்கே மனிதரை விலைக்கு விற்றார்கள், அது வேறு கொடுமை. ஆனால் ஒரு தோட்டத்துப் பிள்ளை மற்றத் தோட்டத்துப் பாட்டைக் கேட்டவுடன் இது நம்ம வீட்டு விஷயம் என்று பிடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? 1941இல் அமெரிக்க அரச நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைப் பதிவு செய்ய வந்தவர்கள் புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸைக் கண்டுபிடித்தது ஒரு பருத்தித் தோட்டத்தில். அடுத்தடுத்த வருடங்களில், 1943இல், அவர் சிகாகோ நகரத்துக்கு வேலை தேடிப் போனார். அங்கே இரைச்சலான மதுக்கடைகளில் சாதாரணக் கிட்டார் கேட்கவில்லை என்றுதான் மின்சாரக் கிட்டாரை எடுத்தார். ஹட்டனிலிருந்து பஸ் ஏறி புறக்கோட்டைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இசையாகப் பார்த்தாலும் தூரம் அதிகமில்லை. புளூஸில் ஒரு சுரம் இருக்கிறது, நம்முடைய ‘க’ சுரத்தின் இரண்டு நிலைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நின்று அசையும், எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. கீபோர்டில் அது கிடைக்காது, கம்பியை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இந்தத் தம்பி உடைந்த போத்தலின் கழுத்தை வெட்டி, விளிம்பை மழுங்கத் தேய்த்து விரலில் மாட்டிக்கொண்டு கம்பி மேல் வழுக்கி வாசிக்கிறார். கட்டையால் கம்பி மேல் வழுக்கி வாசிக்கிற நம் கோட்டு வாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த ஓசை புதிதல்ல. வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான், அது இல்லாமல் இன்று எந்தக் கச்சேரி நடக்கிறது? நம் கலியாண வீடுகளில் விடிய விடிய ஆடுகிற பைலாவில் போர்த்துக்கேயமும் ஆபிரிக்காவும் கலந்திருக்கிறது, புத்தளம் சிரம்பியடியில் இன்றும் அந்த ஆபிரிக்க வம்சாவளியினர் தங்கள் பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை எல்லாம் அந்நியம் என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை.

புளூஸ் பாட்டின் அமைப்பு எளிது. ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு மூன்றாவதாகப் பதில் சொல்லும் ஒரு வரி. ஒவ்வொரு வரியும் பாடி முடிந்ததும் கிட்டார் அதற்குப் பதில் பேசும். அந்தத் தங்கச்சி எழுதிய பாட்டு ஒன்று, கொழுந்து நிறுக்கிற இடத்தைப் பற்றியது. “கூட நெறையப் பறிச்சேனே, தராசு கொறையாக் காட்டுதே” என்று ஒருமுறை, அதையே இன்னும் கொஞ்சம் தாழ்த்தி இன்னொருமுறை, அப்புறம் “சாக்குக்கு ரெண்டு கிலோ போச்சு, சாமி, என் கையில் என்ன ஆச்சு”. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதல் தடவை அவர் அதைப் பாடியபோது பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து நின்றே விட்டார். பாட்டு முடியும்வரை உட்காரவில்லை.

ஆக, இது யாருடைய இசை என்ற விவாதத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் எழுத வந்தது அதற்கு அடுத்த விஷயம், காசு.

கொழும்பில் ஆங்கிலத்தில் பாடுகிற குழுவுக்கு ஹோட்டல் இருக்கிறது, பப் இருக்கிறது. சிங்களத்தில் பாடுகிற குழுவுக்கு ஊர் ஊராக மைதான நிகழ்ச்சிகள் இருக்கின்றன. தமிழில், சொந்தமாக எழுதிப் பாடுகிற குழுவுக்கு இந்த இரண்டும் இல்லை. இந்தியாவில் ஷில்லாங் என்கிற மலைநகரத்தில் 2003இல் தொடங்கிய சோல்மேட் என்ற புளூஸ் குழு 2007இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நடந்த உலகப் புளூஸ் போட்டி வரை போனது. பெருமையான விஷயம்தான், ஆனால் அவர்கள் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள், எந்த ஊரிலும் கேட்க ஆள் உண்டு. சாக்குக்கு இரண்டு கிலோ போன கதையைத் தமிழில் பாடினால் அதைக் காசு கொடுத்துக் கேட்க இந்த நாட்டில் நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? நாம் கொடுக்காவிட்டால் வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை.

நாம் எப்படிக் கொடுக்கிறோம் என்று சொல்கிறேன். நகரத்தில் ஒரு பெரிய இடத்தில் விருந்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் பற்றிக் கேட்டதற்கு, வருகிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள், உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்கும், சாப்பாடும் தருகிறோம் என்றார்கள். அதே மாலை வந்த சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் அறிமுகத்தையா கொடுத்தார்கள்? ஸ்பீக்கர்களை ஏற்றிப்போன வான்காரர் காசில்லாமல் வண்டியைத் திறக்கவே மாட்டார், அதில் தவறும் இல்லை. வாசித்தவர்கள் மட்டும் கைக்காசைப் போட்டுவிட்டு வந்தார்கள். கணக்கு எழுதினவள் நான், அதனால் சொல்கிறேன்.

இன்னொரு இடத்தில் நான்கு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் மூன்று சீட்டு மேடைக்கு வந்தது, எல்லாம் சினிமாப் பாட்டுக் கேட்டு. சினிமாப் பாட்டு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இதே பிள்ளைகள் கலியாண வீடுகளில் அதைத்தான் வாசித்துச் சம்பாதிக்கிறார்கள், அந்தக் காசில்தான் தங்கள் பாட்டைப் பதிவு செய்கிறார்கள். ஆனால் தங்கள் பாட்டைக் கேட்கவென்று டிக்கெட் போட்டு வைத்த நிகழ்ச்சியிலும் அதையே கேட்டால் எப்படி?

செலவும் கொஞ்சமல்ல. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கிட்டார்க் கம்பி, கேபிள், மைக், எல்லாமே வெளிநாட்டுப் பொருள். அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு வாசித்த மாலைகள் உண்டு. அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது அம்ப்ளிஃபயர் எல்லாம் மூலையில் கிடந்தது, மொட்டைமாடியில் உட்கார்ந்து வெறும் கையால் பயிற்சி செய்தார்கள். சொல்லப்போனால் தப்பும் கிட்டாரும் ஒன்றையொன்று அமுக்காமல் வாசிக்கப் பழகியது அந்த இருட்டில்தான். அதற்காக மின்வெட்டுக்கு நன்றி சொல்ல முடியாது.

தப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைக் காய்ச்ச வேண்டும், நெருப்பில் தோலை வாட்டினால்தான் ஓசை எழும். கொழும்பு ஈரக்காற்றில், அதுவும் மழை நாளில், ஒரு பாட்டுக்குள்ளேயே தோல் தளர்ந்துவிடும். ஒருநாள் மண்டபத்தின் பின்பக்கம் பழைய கடதாசியைக் கொளுத்தி, தப்பைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் தப்பு வாசிப்பவர். காவலாளி ஓடி வந்து, “தம்பி, இங்க நெருப்புக் கொளுத்த ஏலாது” என்று சத்தம் போட்டார். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவரும் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்து ஆள் என்பதால், தானே போய் ஒரு பழைய தகர வாளியைக் கொண்டு வந்து இதற்குள்ளே கொளுத்து என்றார். இப்போது அந்த வாளி குழுவின் சாமான்களோடு வானில் ஏறுகிறது.

இணையத்தில் போட்டால் காசு வரும் என்று பலர் சொல்கிறார்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பொட்டிஃபை செயலி இலங்கைக்கு 2021இல் வந்தது. 2024இலிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் குறைந்தது 1000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பங்கே உண்டு. 1000 தடவையைத் தாண்டினாலும் வருவது ஒரு நாள் ஓட்டோச் செலவுக்குக் காணாது. பாட்டு ஊர் உலகத்துக்குப் போய்ச் சேர அது உதவும், வயிற்றுக்கு உதவாது. வயிற்றுக்கு மண்டபமும் டிக்கெட்டும்தான்.

நமக்கு இது புதிய விஷயமும் இல்லை, ஐயாவின் வயதுக்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிட்டாரோடு தமிழில் பொப் பாட்டுப் பாடியபோதும் அது அந்நிய இசைதான். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது, பாடியவர் யார், எழுதியவர் யார் என்று அறிவிப்பாளர் பெயர் சொன்னார், சனம் அடுத்த நிகழ்ச்சிக்குத் தேடிப்போனது. அந்தப் பாட்டுக்கள் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கும் போயின. ஈழத்து மெல்லிசை என்று ஒரு பரம்பரையே அந்த வானொலியால் வளர்ந்தது. இன்று இத்தனை பண்பலை வரிசைகள் இருந்தும் நாள் முழுக்கக் கேட்பது சென்னையின் புதுப்படங்களைத்தான். ஒரு நிலையத்துக்கு இந்தப் பிள்ளைகள் பாட்டை அனுப்பினார்கள். நள்ளிரவு தாண்டி ஒருமுறை போட்டார்களாம், குழுவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் போட்ட பாட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கெட்டும் விற்காது. பெயர் சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

சென்னையிலேயே 2018இல் கானாவையும் பறையையும் ராப்பையும் சேர்த்துக்கொண்டு த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியபோது நம் பத்திரிகைகள் எல்லாம் படத்தோடு எழுதின. எழுதியது நல்லது, எழுத வேண்டிய விஷயம். அதே அளவு அக்கறை வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்ச்சிக்கும் இருந்தால் என்ன?

அதனால் உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். ஞாயிறு இதழில் சினிமாவுக்கு முழுப் பக்கங்கள் தருகிறீர்கள். அதில் ஒரு மூலையில், அந்த வாரம் கொழும்பில் யார் சொந்தப் பாட்டு வாசிக்கிறார்கள், எந்த மண்டபம், எத்தனை மணி, நுழைவு எவ்வளவு என்று நாலைந்து வரி போடுங்கள். விமர்சனம் வேண்டாம், பாராட்டும் வேண்டாம், தகவல் போதும். புளூஸ் மட்டுமல்ல, ராப் பாடுகிறவர்கள், மெல்லிசை எழுதுகிறவர்கள், மட்டக்களப்பிலிருந்து வந்து வாசிக்கிறவர்கள், எல்லோரையும் போடுங்கள். கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் இசைக்குழு பிடிக்கிற வாசகர்களிடம் ஒன்று: பேசிய காசை அன்றைக்கே கொடுங்கள், அப்புறம் அந்த மாலையில் இரண்டு பாட்டுக்காவது அவர்களுடைய சொந்தப் பாட்டுக்கு இடம் விடுங்கள். கடிதம் எழுதிய ஐயாவையும் நான் மனதார அழைக்கிறேன், வாசலில் என்னிடம் டிக்கெட் வாங்க வேண்டாம், அவர் என் விருந்தாளி. கேட்டுவிட்டு அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அதையும் உங்கள் பக்கத்தில் எழுதட்டும்.

நிகழ்ச்சி விபரங்களை எந்தக் கிழமைக்குள், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் அடுத்த இதழில் அறிவித்தால் போதும். எனக்குத் தெரிந்த குழுக்கள் எல்லோருக்கும் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06