பெட்ரோல் தீர்ந்து நின்றவருக்கு பங்க்கில் என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

நெடுஞ்சாலையில் பெட்ரோல் தீர்ந்து கார் நின்றுவிட்டால் நம் ஆட்கள் முதலில் செய்வது, காலி தண்ணீர் பாட்டிலோடு யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டு பக்கத்து பங்க்குக்குப் போவதுதான். அங்கே பாட்டிலில் தர மாட்டார்கள். ஊழியரைத் திட்டிப் புண்ணியமில்லை, அந்தப் பெட்ரோலை எவனாவது எங்காவது கொளுத்திப் போட்டால் போலீஸ் வந்து நிற்பது அவர் முன்னால்தான். தவிர, தண்ணீர் பாட்டில் பெட்ரோலுக்காகச் செய்த பாத்திரமும் இல்லை.

சரி, நின்றவர் என்னதான் செய்வது? அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் குறை. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லையென்றால் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமலே வைத்திருக்கலாம், கொண்டுபோகலாம். இறுக மூடிய உலோகக் கேனாக இருந்தால் அது 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். அப்படியிருக்க, நெடுஞ்சாலை பங்க்குகளில் 5 லிட்டர் இரும்பு கேன் ஒன்றிரண்டு வைத்து, ஆர்.சி.யையும் லைசென்ஸையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, டெபாசிட் வாங்கிக் கொடுத்தால் என்ன? எண்ணெய் நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் உட்கார்ந்து பேசினால் விதிமுறைக்குள்ளேயே இதற்கு ஒரு ஏற்பாடு செய்ய முடியாதா?

அதுவரை வண்டிக்காரர்கள்தான் சூதானமாக இருக்க வேண்டும். இன்ஜின் திக்கித் திணற ஆரம்பித்ததுமே, ஓட்டம் இருக்கும்போதே இடதுபக்கம் ஒதுக்கிவிடுங்கள். இன்ஜின் நின்ற பிறகு ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கும் கல் மாதிரி இறுகும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு விளக்கைப் போட்டு, சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ராத்திரியில் ஓரம் நிற்கிற காரில் லாரி மோதிய செய்தி உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை வந்திருக்கிறது! அப்புறம் 1033-க்குப் போன் போட்டுக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் ரோந்து வண்டியை அனுப்புவார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கென்றே உள்ள எண் அது, ஆனால் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

டீசல் வண்டியென்றால் தலைவலி இரட்டிப்பு. டேங்க் வறண்டால் லைனில் ஏர் பிடித்துக்கொள்ளும், டீசல் ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகிவிடாது. ஃபில்டர் பக்கத்தில் கைப்பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அமுக்கி ஏரை எடுக்க வேண்டும், அது இல்லாத புது வண்டியில் சாவியை ஆனில் வைத்துச் சற்றுப் பொறுத்து, ஆஃப் செய்து, திரும்ப ஆன் செய்து பார்க்கலாம். சும்மா செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போகும். பெட்ரோல் வண்டிக்கும் சொல்கிறேன், டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் அதன் ஆயுசு குறையும்.

இன்னொன்று, பக்கத்து வண்டியில் டியூப் விட்டு வாயால் உறிஞ்சி எடுக்கும் வீரத்தை விட்டுவிடுங்கள். துளி நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சுங்கச்சாவடிகளில் காசு வாங்குகிறார்களே, தாண்டியதும் அடுத்த பங்க் எத்தனை கிலோமீட்டரில் என்று ஒரு போர்டாவது கண்ணில் படும்படி வைக்கட்டும், அதன் கீழேயே 1033-ஐயும் பெரிதாக எழுதட்டும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
விழுப்புரம்.