ஊசிக்கு ஒரு வணக்கம்

டோக்கியோ,
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மெஷின் மிதிப்பதைக் குறைத்துக்கொள் என்றால் நீ கேட்கவா போகிறாய்!

நேற்றிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி கிமோனோ தைப்பவர் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? என்னை அசகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வருஷா வருஷம் பிப்ரவரி 8 அன்று அங்கே 'ஹரி குயோ'. ஹரி என்றால் ஊசி. ஒடிந்த ஊசிக்கும் வளைந்த ஊசிக்கும் நன்றி சொல்லி வழியனுப்பும் நாள். அன்றைக்குத் தைக்க மாட்டார்களாம்.

அவாஷிமா சன்னதியில் பெரிய தோஃபுக் கட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். சோயா பாலில் செய்வது, பனீரை விட மிருதுவாக இருக்கும். அதில் ஏற்கெனவே ஏகப்பட்ட ஊசிகள், கலர் மணி வைத்த குண்டூசிகள். பாட்டி கைப்பையிலிருந்து ஒரு துணி மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஏழு ஊசிகள். ஒன்றின் முனை மழுங்கியே போயிருந்தது. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகச் செருகினார். "வருஷமெல்லாம் கெட்டித் துணியில் நுழைந்து உழைத்தது. இப்போதாவது மெத்தென்று படுக்கட்டும்" என்றார். அப்புறம் கைகூப்பிக் குனிந்தார்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் குனியச் சொல்லிக் கொடுத்தார்கள். எதிரே வருபவருக்கு 15 டிகிரி, வாடிக்கையாளருக்கு 30, ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45. நானும் கணக்குப் பாடம் மாதிரி மனப்பாடம் செய்து முதுகை வளைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் பாட்டி குனிந்தபோது எத்தனை டிகிரி என்று பார்க்கவே தோன்றவில்லை அம்மா. அவர் நிமிரும்வரை பின்னால் நின்றவர்கள் ஒரு சத்தமும் போடாமல் காத்திருந்தார்கள்.

பயபக்தி என்கிறோமே, பக்திக்குள் பயம் எதற்கு என்று சின்ன வயதில் உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் கல்யாணப் பட்டில் கத்தரி வைக்கும் முன் துணியை இரண்டு தடவை நீவிவிட்டு, ஒரு கணம் நிற்பாய். அந்தப் பயம்தான் என்று இப்போது தெரிகிறது. நம் கையால் இதற்கு ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்கிற பயம்.

ஒடிந்த ஊசிகளை நீ ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாயே, அது இருக்கிறதா? யார் காலிலும் குத்தாமல் இருக்கத்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தூக்கிப் போட்டுவிடாதே. லீவில் வரும்போது எடுத்துக்கொள்கிறேன். அடுத்த பிப்ரவரியில் பாட்டியோடு போக வேண்டும்.

உன் மகள்